ஜெர்மன் பாட்டனாரும் பெயரில்லாத பாட்டியும்

மும்பை தாராவியில் இப்போது தாத்தாவின் காகிதத்தைத் தேடாத வீடு குறைவு. மறுசீரமைப்புத் திட்டத்தில் இலவச வீடு கிடைக்க வேண்டுமென்றால் 2000 ஜனவரி 1க்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். 1976 குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டிக் கொடுத்த போட்டோபாஸ், விளிம்பு கரைந்த ரேஷன் கார்டு, பழைய மின்கட்டண ரசீது என்று பெட்டியடியில் கிடந்ததெல்லாம் 90 அடி சாலை ஜெராக்ஸ் கடைகளுக்கு வந்துவிட்டன. போட்டோபாஸில் இருப்பவர் தாத்தா. மனுப் போடுபவர் பேரன். நடுவில் இருக்கும் அப்பா ஒரு காகிதத்தில் முருகேசன், இன்னொன்றில் முர்கேஷ். திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மராட்டியப் படிவத்திலோ அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அப்பா பெயரை அதில் போட்டால் தலைமுறைக்கு ஒரு குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது.

இந்தச் சள்ளையில் பழகியவருக்கு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கரையில் இறங்கிய ஒரு ஜெர்மானியரின் தாய் தகப்பன் யார் என்று தேடும் வேலை அந்நியமாகத் தோன்றாது. வடஜெர்மனியில் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் நிரந்தரக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரே மகனுக்குப் பின்னொட்டு, பேரனுக்கு வேறொன்று. 1811இல் நெப்போலியன் ஆணை போட்டுத்தான் அதை நிறுத்தினார். வெஸ்ட்ஃபாலியாவில் பெண் வீட்டுப் பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனவர் அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொண்டார். ஆகவே அண்ணன் தம்பி இருவர் இரு வேறு பெயரில் செத்துப்போவது அங்கே சாதாரணம். ஆங்கிலேய ஆய்வாளர்கள் இதில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இனிஷியலோடு வாழும் தமிழருக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

‘எங்கள் வம்சத்தில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார்’ என்ற பேச்சு இலங்கைப் பறங்கியர் வீடுகளிலும் இந்தியாவின் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும் உலவுவது வெறும் பெருமைக்காக அல்ல, அதற்கு இடமிருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆசியாவுக்கு அனுப்பிய ஆட்கள் ஏறத்தாழ பத்து லட்சம். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் டச்சுக்காரர்களே அல்ல. அதிலும் பலர் ஜெர்மன் சிற்றரசுகளிலிருந்து பிழைப்புத் தேடி ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்து வந்தவர்கள். நாகப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு என்று இந்தக் கம்பெனி கோட்டை கட்டிய இடமெல்லாம் அவர்கள் காவல் நின்றார்கள்.

ஆங்கிலேயர் பக்கமும் ஜெர்மானியர் வந்தனர். மூன்றாம் ஜார்ஜ் இங்கிலாந்துக்கு அரசர். ஹனோவருக்கும் அவரே ஆட்சியாளர். அந்த உறவில் 15ஆம், 16ஆம் ஹனோவர் ரெஜிமென்ட்டுகள் ஹைதர் அலிக்கு எதிரான போருக்காகச் சென்னைக்குக் கப்பலேறின. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரரோடு மோதிய படையில் அவர்கள் இருந்தார்கள். பிறகு பத்தாண்டுக் காலத்தின் பெரும்பகுதியை ஆற்காட்டுச் சீமையில் கழித்தார்கள். ஜெர்மன் இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்ற ஷ்லேகல் சகோதரர்களின் அண்ணன் கார்ல் ஆகுஸ்ட் ஷ்லேகல் இந்தப் படையில் அதிகாரியாக வந்து 1789இல் சென்னையில் இறந்தார். தம்பி ஃப்ரீட்ரிஷ் பின்னாளில் சமஸ்கிருதத்தின் மேல் காதல் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதிகாரி என்றால் ஊரும் குலமும் தெரியும். சிப்பாய்க்கு அப்படியல்ல. டச்சுக் கம்பெனி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளப் பேரேடு வைத்தது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பெயர், ஊர், வேலை, ஏறிய கப்பல், இறங்கிய இடம், கணக்கு முடிந்த விதம். 18ஆம் நூற்றாண்டுப் பேரேடுகளின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் கணினியில் ஏற்றிவிட்டது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டச்சு எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஊர் ‘நாய்ஷ்டாட்’ என்று இருக்கும். அந்தப் பெயரில் ஜெர்மனி முழுக்க ஊர்கள். ‘சொந்த ஊர் புதூர்’ என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஒருவரின் வீட்டைத் தேடுவதுபோல்தான்.

பெயரும் உதவாது. ஜெர்மானியர் பிள்ளைக்கு இரண்டு மூன்று பெயர் வைப்பார்கள். முதலில் வரும் ‘யோஹான்’ பெரும்பாலும் பெயருக்குத்தான். கூப்பிடுவது இரண்டாவது பெயர். இசைமேதை பாக்கின் வீட்டில் அப்பா யோஹான், அண்ணன்கள் யோஹான், மகன்களிலும் பல யோஹான்கள். கப்பல் எழுத்தர் முதல் பெயரை மட்டும் குறித்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஊரைச் சரியாகக் கண்டுபிடித்தால் அடுத்தது தேவாலயப் பதிவேடு. ஜெர்மனி முழுவதற்குமான அரசுப் பிறப்புப் பதிவு 1876இல்தான் வந்தது. அதற்கு முன் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பாதிரியார் கையெழுத்தில். முப்பதாண்டுப் போரில், 1618க்கும் 1648க்கும் இடையில், எரிந்துபோனவை போக மீதி இருக்கிறது. இங்கே பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். பிள்ளையின் பெயர் உண்டு, தாயின் பெயர் உண்டு, தகப்பன் இடம் காலி. முறை தவறிப் பிறந்தவர்களைச் சில ஊர்களில் தனிப் பக்கத்தில் எழுதினார்கள். சில ஊர்களில் பதிவேட்டைத் தலைகீழாகத் திருப்பி எழுதினார்கள். நூற்றாண்டுகள் கழித்துப் புரட்டுகிறவர் கண்ணிலும் முதலில் படுவது அந்தத் தலைகீழ் வரிதான்.

இப்படிப் பிறந்தவனுக்கு ஊரில் வழி அடைபட்டிருந்தது. கைவினைஞர் சங்கங்களான கில்டுகள் தொழில் பழக வருபவனிடம் முறையான பிறப்புக்குச் சான்றுக் கடிதம் கேட்டன. 1731இல் பேரரசின் சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. சட்டம் தளர்ந்த வேகத்தில் சங்கங்கள் தளரவில்லை. தகப்பன் யார் என்று கேட்காமல் ஆள் எடுத்தது கப்பல் கம்பெனியும் கூலிப்படையும்தான். பெற்றோர் யாரென்று ஐயமுள்ள முன்னோர்கள் குடியேறியவர்களிடையே ஏன் இத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது.

மிஷனரிகள் கதை வேறு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்குப் பின்னால் ஹாலே நகரத்து நிறுவனம் இருந்தது. அங்கிருந்து வந்தவர்கள் ஓயாமல் கடிதம் எழுதினார்கள். ஹாலே எல்லாவற்றையும் அடுக்கி வைத்தது. யோஹான் பால்தசார் கோல்ஹாஃப் 1737இல் வந்தார். மகன் யோஹான் காஸ்பர் 1762இல் தரங்கம்பாடியில் பிறந்து, மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்து, தஞ்சாவூரில் 1844 வரை ஊழியம் செய்தார். பேரன் கிறிஸ்டியன் சாமுவேல் 1881இல் இறந்தார். ஒரே குடும்பம் தமிழ்நாட்டில் 144 ஆண்டுகள். ஒரு கண்ணியும் அறுபடவில்லை. ஜெர்மன் நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய் மாரி 1842இல் தலச்சேரியில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹெர்மன் குண்டர்ட் முதலில் திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்று, பிறகு மலையாளத்துக்குப் போனவர். இவர்களைத் தேட வேண்டியதே இல்லை, படித்தால் போதும். பம்பாயில் 1869இல் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியைத் தொடங்கிய ஜெர்மன் யேசு சபையினர் இன்னும் வசதி: துறவிகளானதால் வம்சமே விடவில்லை, பதிவேடுகளை மட்டும் விட்டுப்போனார்கள்.

எதுவுமே எழுதாமல் போனவர் வால்டர் ரைன்ஹார்ட். வட இந்தியா அவரைச் சம்ரு என்று அறியும். ஆக்ராவின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் எண்கோண வடிவில் அவருக்கு ஒரு மாடம் இருக்கிறது. கல்வெட்டு போர்த்துகீசிய மொழியில்; பெயரும், 1778 மே 4 என்று இறந்த நாளும் உண்டு. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. ட்ரியர் என்கிறது ஒரு நூல், ஸ்ட்ராஸ்பர்க் என்கிறது இன்னொன்று, ஸால்ஸ்பர்க் என்கிறது வேறொன்று. கசாப்புத் தொழில் செய்தவர் என்பார்கள், தச்சர் என்பார்கள். பிரெஞ்சுப் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் இடையே மாறி மாறித் தாவியவர் தன் ஊரை மறைத்ததில் வியப்பில்லை. 1763இல் மீர் காசிமின் ஆணைப்படி பாட்னாவில் ஆங்கிலக் கைதிகளைக் கொன்றதாக அவர் மேல் பழி. அதன் பின் ஆங்கிலேயர் அவரை ஒப்படைக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் அவத் நவாபு, பரத்பூர் ஜாட்டுகள், தில்லியின் நஜப் கான் என்று எஜமானர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் மீரட் பக்கம் சர்தானா ஜாகீர் கிடைத்தது.

அவர் இறந்ததும் படையையும் ஜாகீரையும் எடுத்துக்கொண்டவர் அவர் துணைவி பேகம் சம்ரு. 1781இல் ஞானஸ்நானம் பெற்று யோவன்னா ஆனார்; சர்தானாவில் பெரிய தேவாலயம் கட்டினார்; 1836இல் பெரும் செல்வத்தை விட்டு இறந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. சொத்து டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்பருக்குப் போனது. அவர் இங்கிலாந்து சென்று 1841இல் சட்பரி தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினரானார்; வாக்குக்குப் பணம் கொடுத்த புகாரில் அடுத்த ஆண்டே அந்தத் தேர்தல் செல்லாது என்றானது. 1843இல் அவரைப் பைத்தியம் என்று தீர்ப்பெழுதிச் சொத்தைப் பிறர் பொறுப்பில் விட்டார்கள். தான் பைத்தியமல்ல என்று நிரூபிக்கப் போராடியே 1851இல் லண்டனில் இறந்தார். அதன் பிறகும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஜெர்மனியில் ரைன்ஹார்ட் என்ற பெயருள்ளவர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் வாரிசுச் சங்கம் அமைத்து, சர்தானாச் செல்வத்தில் பங்கு கேட்டார்கள். அந்தச் சிப்பாயின் தகப்பன் யார் என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, கோடிகள் சம்பந்தப்பட்ட கேள்வி.

இத்தனை தேடலிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. டைஸ் சோம்பர் பேகத்தின் ரத்த வாரிசு அல்ல. ரைன்ஹார்ட்டின் மகன் ஸஃபர்யாப் கான். அவர் மகள் ஜூலியானா. ஜூலியானாவின் மகன் டேவிட். ஸஃபர்யாபின் தாய் ரைன்ஹார்ட்டின் முதல் மனைவி. நூல்கள் அவரைப் ‘படீ பீபி’ என்கின்றன. மூத்த தாரத்தைக் கூப்பிடும் மரியாதைச் சொல், அவ்வளவே. ரைன்ஹார்ட்டின் ஊருக்கு மூன்று நான்கு ஊகங்கள் உண்டு. இந்தப் பெண்ணின் ஊருக்கு ஊகம் செய்யக்கூட யாரும் மெனக்கெடவில்லை. சர்தானா வம்சம் முழுவதும் அவர் வயிற்றில் பிறந்தது. ஜூலியானாவின் கணவர் ஜார்ஜ் டைஸும் ஒரு ஸ்காட்லாந்து அதிகாரிக்கும் இந்தியப் பெண்ணுக்கும் பிறந்தவர். அங்கேயும் தாய்க்கு இதே கதிதான்.

ஜெர்மன் பதிவேட்டில் ஐயத்துக்குரியவர் தகப்பன். இந்தியப் பதிவேட்டில் தாய். கடலைத் தாண்டும்போது காலியிடம் இடம் மாறிவிடுகிறது. ஆங்கிலக் கம்பெனியின் ஞானஸ்நானப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாணத்துக்கு 1698 முதல், பம்பாய்க்கு 1709 முதல். அவற்றில் தகப்பன் பெயரும் படைப்பிரிவும் துல்லியமாக இருக்க, தாய் இருக்க வேண்டிய இடத்தில் ‘சுதேசிப் பெண்’ என்று மட்டும் எழுதிய வரிகள் வந்துகொண்டே இருக்கும். பல இடங்களில் அதுவும் இருக்காது. உயிலிலும் இதே நிலை என்பதை வரலாற்றாசிரியர் துர்பா கோஷ் 2006இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கூடவே வாழ்ந்து பிள்ளை பெற்றவருக்குப் பெயரே இல்லை, அல்லது ஞானஸ்நானத்தில் வைத்த மேரியோ ஆனாவோ மட்டும்.

எழுத்தரின் அலட்சியம் மட்டும் இதற்குக் காரணம் என்றால் நம்ப முடியாது. 1791இல் கம்பெனி ஒரு முடிவெடுத்தது: தாயோ தகப்பனோ இந்தியராக இருந்தால் சிவில், ராணுவ, கப்பல் பதவிகள் கிடையாது. 1795இல் படையில் இன்னும் இறுக்கினார்கள். இரு பக்கமும் ஐரோப்பியராக இல்லாதவர் குழல் ஊதலாம், முரசடிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம், அதற்கு மேல் இல்லை. மகனுக்கு வேலை வேண்டும் என்றால் தாயின் பெயர் வெளியே வராமல் இருப்பதே நல்லது என்று குடும்பமே நினைத்திருக்கும். மறைத்தவர்களைக் குற்றம் சொல்வது கடினம். பம்பாயில் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக 1815இல் ஒரு கல்விச் சங்கம் தொடங்கி, பின்னர் பைகுல்லாவில் பள்ளிக்கூடம் நடத்தியது. அங்கே சேர்ந்த பிள்ளைக்குத் தகப்பனின் மதம், தகப்பனின் மொழி, தகப்பனின் பெயர்.

பிறகு வந்த சட்டங்களும் சங்கங்களும் இதையே உறுதி செய்தன. கொழும்பில் 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் உறுப்பினர் சேர்க்கத் தந்தை வழியில் ஐரோப்பிய வம்சத்தைக் கேட்டது. தாய்வழியில் யார் இருந்தாலும் கணக்கில் வராது. சங்கத்தின் இதழில் டி வோஸும் ஆல்டென்டார்ஃபும் வரிசையாக வெளியிட்ட வம்சாவளிகள் இன்றைக்கும் அடிப்படை ஆதாரம். ஒவ்வொன்றும் ஒரு ஐரோப்பிய ஆணின் பெயரில்தான் தொடங்குகிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 366(2) பிரிவு ஆங்கிலோ-இந்தியர் யார் என்று சொல்வதும் இதே அளவுகோலில்: தந்தையோ தந்தைவழி முன்னோரில் வேறொரு ஆணோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். நாடாளுமன்ற நியமன இடங்கள் 2020இல் முடிந்துவிட்டன. வரையறை அப்படியே இருக்கிறது. 1915இல் மாட்டுங்காவில் ரயில்வே பணிமனை வந்த காலத்தில் ரயில்வேயில் அந்தச் சமூகத்துக்கென்று வேலைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே ஒரு ஜெர்மன் பாட்டனாரை நிரூபிப்பதற்குச் சம்பள மதிப்பே இருந்தது.

இந்த அளவுகோலைத் தலைகீழாகக் காட்ட ஒரு குடும்பம் உண்டு. நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி பறங்கியர் சமூகத்தோடு கலந்துவிட்ட வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டின் மூத்த ஆண், 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கொழும்புக்கு வைத்தியம் பார்க்கப் போன தமிழர். தந்தை வழி தமிழ். ஐரோப்பியக் கலப்பு பெண்கள் வழி வந்தது. 1758இல் கொழும்பில் பிறந்த அதே குடும்பத்துப் பீட்டர் ஃபிலிப் யூரியான் க்வின்ட் ஒண்டாச்சி, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் அரசியல் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிப் பெயர் பெற்றார். இங்கே ஆணின் வழியை மட்டும் பார்த்தால் பாதிக் கதை போய்விடும்.

மரபணுச் சோதனை இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று விளம்பரம் சொல்கிறது. 1760இல் பிறந்த ஒரு மூதாதை இன்றைய இளைஞருக்கு எட்டுத் தலைமுறை தள்ளி. அவரிடமிருந்து வரக்கூடிய பங்கு சராசரியாக 256இல் ஒன்று. சில சமயம் பூஜ்யம். தந்தையிலிருந்து மகனுக்கே போகும் ஒய் குரோமோசோம் ஆண் வழியை உறுதிப்படுத்தும், பெயர் சொல்லாது. தாயிடமிருந்து வரும் மைட்டோகாண்ட்ரியா பெண் வழியைக் காட்டும். தாய், தாயின் தாய் என்று அறுபடாமல் போனால் மட்டும். வடிகட்டிப் பார்த்தால் சோதனை ஒரு ஊகத்தைத் தள்ள உதவும், புதிதாக ஒருவரைக் கண்டுபிடித்துத் தராது.

பெண்ணின் பெயர் காகிதத்தில் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பணம் கைமாறிய இடத்தில். டச்சுக் கப்பல் சிப்பாய் தன் சம்பளத்தில் ஆண்டுக்கு மூன்று மாதத் தொகை வரை மனைவிக்கோ பெற்றோருக்கோ போக ஏற்பாடு செய்யலாம். மாதக் கடிதம் என்று அதற்குப் பெயர். தகப்பன் இடம் காலியாக இருந்த ஜெர்மன் பையனின் தாய் யார் என்பது அந்தக் கடிதத்தில் வந்துவிடும். கம்பெனி அவருக்குப் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டுமே. இலங்கையில் டச்சுக்காரர் வைத்த தோம்புகள் நிலத்துக்கு வரி போடுவதற்கானவை. ஆனால் நிலத்தில் யாருக்குப் பாத்தியதை என்று எழுதும்போது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக உள்ளே வந்தார்கள். கோயில்பற்றுப் பள்ளிகளில் வைத்த பள்ளித் தோம்பில் பெற்றோர் இருவரும் உண்டு. சென்னை, பம்பாய் உயில்களிலும் ‘என்னோடு இருந்தவளுக்கு மாதம் இவ்வளவு’ என்ற வரியில் சில சமயம் முழுப் பெயர் இருக்கிறது; பெயர் இல்லாமல் பட்டுவாடா செய்ய முடியாது.

மாட்டுங்காவில் அமாவாசைத் தர்ப்பணம் செய்கிறவர்கள் இதைக் கேட்டால் புன்னகைக்கலாம். அந்தச் சடங்கில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயரோடு தாய், பாட்டி, முப்பாட்டி பெயரும் சொல்லியாக வேண்டும். தாய்வழியிலும் மூன்று தலைமுறை உண்டு. சொத்துப் பத்திரத்தில் இல்லாத பெண் அங்கே இருக்கிறாள். மூன்றாவது தலைமுறைக்கு மேல் அதுவும் மௌனம். எழுதாத நினைவு எந்த ஊரிலும் அவ்வளவு தூரம்தான் தாங்குகிறது.

பதிவேட்டைத் தேடுகிறவர்கள் அடிக்கடி தாண்டிப் போகும் ஒரு பத்தி சாட்சிகளின் பத்தி. லுத்தரன், டச்சுச் சபைகள் ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோரைக் குறித்து வைத்தன; ஆங்கிலச் சபையின் இந்தியப் பதிவுகளில் இது அரிது. ஜெர்மன் வழக்கப்படி பிள்ளைக்கு ஞானத்தாயின் பெயரையே வைப்பதும் உண்டு. ஞானத்தாய் பெரும்பாலும் சித்தி, பெரியம்மா, அத்தை. ஒரே தம்பதியின் ஐந்து பிள்ளைகளுக்கு நின்ற சாட்சிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், தாயின் பெயர் வெறும் ‘மரியா’ என்று இருந்தாலும் அவள் தங்கை கணவர் யார், தம்பி எந்தக் கோட்டையில் இருந்தார் என்பது தெரிய வரும். கொழும்பு வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் பதிவுகளைப் பறங்கியர் சங்க இதழ் அச்சிட்டிருக்கிறது; தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹாலேயில் இருக்கின்றன. பம்பாய் வழியாக வந்த குடும்பமென்றால் கோட்டையில் 1718இல் திறந்த செயின்ட் தாமஸ் கதீட்ரலும், காலா கோடாவில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள மகாராஷ்டிர ஆவணக் காப்பகமும் முதல் நிறுத்தங்கள். ஜெர்மன் பாட்டனாரின் ஊரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எடுக்க வேண்டியது இங்கே பிறந்த அவருடைய கடைசி மகளின் ஞானஸ்நான வரி.